கருப்பசாமி கையைப் பற்றி மைக்கில் நான் பேசியது

1. தாயில்பட்டி கிரவுண்ட்

"அடுத்து, தோத்த டீம் கோச் ரெண்டு வார்த்தை பேசுவாக" என்று சொல்லி, கமென்ட்ரி பேசியவர் மைக்கை என் கையில் திணித்தார். எங்கள் பக்கத்து டோர்னமெண்டுகளில் இது ஒரு வழக்கம். ஜெயித்த கோச்சுக்கும் துண்டு, தோற்றவருக்கும் துண்டு. இருவரும் பேசாமல் தப்பிக்க முடியாது.

அப்போது நான் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். வேலை முடிந்தபின் கம்பெனி ஃபுட்பால் டீமுக்குக் கோச். கோச்சாக நான் சோடை போனதில்லை, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. ஆனால் அன்று லீக்கின் முதல் மேட்சில் சாத்தூர் டீமிடம் ஒரே கோலில் தோற்றிருந்தோம். கடைசி நிமிடத்தில் மெதுவாக வந்த பந்து, எங்கள் கீப்பர் கருப்பசாமியின் கையில் பட்டு நழுவி உள்ளே போய்விட்டது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. வெளிநாட்டுக் கோச்சுகள் தங்கள் பிளேயர்களையே டிவியில் கிழிப்பதைப் பார்த்து ரசித்தவன் வேறு நான்.

"எல்லாரும் நல்லாத்தான் ஆடுனாக. கருப்பசாமி கைதான் வேலை செய்யல. நடுங்குற கைய வச்சுக்கிட்டு கோல்ல நின்னா இப்படித்தான் ஆகும்" என்றேன்.

கிரவுண்டே சிரித்தது. பல பேர் செல்போனில் பிடித்தார்கள். பெரிய ஆள் மாதிரி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

2. திங்கட்கிழமை

கருப்பசாமிக்கு மருந்து கலக்கும் வேலை. வெடிமருந்தை உரசாமல், சிந்தாமல் கலக்க வேண்டும். அந்த வேலைக்குக் கை நிதானம்தான் சர்டிபிகேட். பத்து வருடமாக அவன் கையை நம்பித்தான் சுற்றியிருந்த ரூம்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை வாட்ஸப்பில் வீடியோ எனக்கு முன்னால் கம்பெனிக்கு வந்திருந்தது. பக்கத்து ரூம் பெண்கள் நேராக மேனேஜரிடம் போய்விட்டார்கள்.

"போர்மேனே சொல்லிட்டாக சார், அந்த அண்ணனுக்குக் கை நடுங்குதாம். நாங்க புள்ளகுட்டிக்காரவுக. அங்கன உக்கார மாட்டோம்."

அவர்கள் பயத்தில் தப்பில்லை. மேனேஜர் கருப்பசாமியைப் பேக்கிங்கில் லேபிள் ஒட்டப் போட்டார். தலையைக் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்த அவனைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"கோவத்துல சொல்லிட்டேன் சார். அவன் கை மாதிரி நிதானம் யாருக்கும் கெடையாது" என்று மேனேஜரிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, இங்க யாரு கை எப்படினு சொல்றதே நீங்கதான? நீங்களே ஊரு முன்னால சொன்னத நான் ஆபீசுல உக்காந்து எப்படி அழிக்கிறது?"

நியாயமான கேள்விதான். அதோடு, நான் யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருந்தது. மேட்ச் அன்று அவன் போட்டிருந்தது நான் வாங்கிக் கொடுத்த புது கிளவுஸ். "பெருசா இருக்கு அண்ணாச்சி, பழசையே போட்டுக்கிறேன்" என்று கெஞ்சினான். "போடுலே, எல்லாம் சரியா இருக்கும்" என்று அதட்டியவன் நான்.

3. இரண்டாவது தடவை

அடுத்த ஞாயிறு மேட்சுக்கு மேனேஜரையும் அந்தப் பெண்களையும் கூப்பிட்டிருந்தேன். ஆட்டம் தொடங்குமுன் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"கருப்பசாமி கை நடுங்கல. வேண்டாம் வேண்டாம்னவனுக்கு அளவு பெருசான கிளவுஸ நான்தான் மாட்டிவிட்டேன். தப்பு என்னுது. போன வாரம் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு செல்போன்கூட மேலே எழவில்லை. அதனால் மறுநாள் அந்தக் கிளவுஸைக் கையோடு எடுத்துக்கொண்டு ரூம் ரூமாகப் போய் அதையே சொன்னேன். இரண்டு நாள் கழித்து மேனேஜர் அவனைப் பழைய வேலைக்கே அனுப்பினார்.

அன்று மாலை, "நாளைக்கு பிராக்டிஸுக்கு வந்துருலே" என்றேன்.

"வேலை திரும்பக் கெடச்சதே போதும் அண்ணாச்சி. இனிமே கோல்ல நிக்க மாட்டேன். பந்து ஒண்ணு நழுவுனா மறுநாள் கம்பெனி கேட்டுக்குள்ள விடுவாகளோ மாட்டாகளோனு பயந்துக்கிட்டே எப்படிப் பிடிக்கிறது?"

அன்றே கீப்பர் இடத்துக்கு வேறு ஆள் தேடத் தொடங்கினேன்.

அதற்கப்புறமும் கோச்சாக இருந்தேன், கப்புகளும் அடித்தோம். பிளேயரை இன்றைக்கும் திட்டுவேன், நன்றாகவே திட்டுவேன். ஆனால் தனியாகக் கூப்பிட்டுத்தான். மைக்கைக் கொடுத்தால் தோல்விக்கு என் பெயரை மட்டும் சொல்வேன். புதிதாகக் கோச் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் ஆளைப் பற்றி வெளியில் வாய் திறக்குமுன், நாளைக் காலையில் அவன் எங்கே வேலைக்குப் போகிறான் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கருப்பசாமி மாதிரி ஒரு கீப்பர் எனக்கு மறுபடி கிடைக்கவில்லை.