இரண்டு கெட்டிலுக்கு ஒன்று

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். குட்டையான உருவம், நெற்றியில் திருநீறு. வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். நானும் காய்ச்சுகிறவன்தான். என்னிடம் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் மெஷின் இருக்கிறது. ஆனால் என் மனைவி இரண்டாவது கிளாஸ் கேட்பது அக்காவின் பியரைத்தான்.

வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு சனிக்கிழமை அவர் காய்ச்சுவதைப் பார்க்கப் போனேன். டீ போடுகிற சாதாரண எலக்ட்ரிக் கெட்டில்கள் இரண்டு. ஃபியூஸ் போய்விடும் என்று ஒன்றைச் சமையலறையிலும் மற்றதை ஹாலிலும் செருகியிருந்தார். இரண்டும் கொதித்ததும் வாளியில் ஊற்றி, ஒரு கெட்டில் பச்சைத் தண்ணீர் சேர்த்தார். நான் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். எழுபது டிகிரி. மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, போடுவதற்குச் சரியான சூடு.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"இதில கண்டுபிடிக்க என்ன கிடக்கு? பிள்ளையளை முழுக வாக்கிறதுக்குத் தண்ணி விளாவுறேல்லையோ? இது அதைவிடக் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான்."

நான் கோடைக்காகக் காத்திருந்தேன். குழாய்த் தண்ணீர் சூடேறினால் அவர் கணக்கு தப்பத்தானே வேண்டும்? ஜூலையில் தெர்மாமீட்டரோடு போய் நின்றேன். அக்கா குழாயடியில் விரலை நீட்டிப் பார்த்தார். பிறகு வாளியில் வழக்கத்தைவிட ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் கூடுதலாக ஊற்றினார்.

"அளந்து பாருங்கோவன்" என்றார்.

"பரவாயில்லக்கா" என்றேன்.

எழுபதுதான் இருக்கும். அதை என் கண்ணால் வேறு பார்க்க வேண்டுமா?