கற்பூரத் தட்டும் பெட்ரோல் பம்பும்

ஆயுத பூஜை வந்தால் எங்கள் குடும்பக் குழுவில் யாராவது அந்தப் பழைய வீடியோவைத் தவறாமல் போட்டுவிடுவார்கள். சில நொடிகள்தான் ஓடும். வெள்ளை அம்பாசடர் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. பெரியப்பா கற்பூரத் தட்டோடு என்ஜின் பக்கம் குனிகிறார். பின்னாலிருந்து ஓடிவரும் அத்தை அந்தத் தட்டைக் காலால் எட்டி உதைக்கிறாள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். 'சாமியை உதைச்ச மகராசி' என்று எழுதாவிட்டால் ஒரு சித்தப்பாவுக்குத் தூக்கம் வராது. உதைத்தாள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஏன் உதைத்தாள் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் இத்தனை வருடம் சிரித்த கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாமா இறந்த பிறகு அத்தை ஓசூரிலிருந்து, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். மாமாவின் அம்பாசடரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். எல்லாப் பெண்களும் பிறந்த வீட்டுக்குப் பெட்டியோடு வருவார்கள், என் தங்கச்சி பெட்ரோல் வண்டியோடு வந்திருக்கிறாள் என்று பெரியப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் மூன்று டீச்சர்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவாள். பிரசவ வலி என்று யார் வந்து நின்றாலும் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுப்பாள். அந்த வண்டி இருந்ததால்தான் அண்ணன் தம்பி வீட்டில் அவள் தலை நிமிர்ந்து சோறு தின்றாள்.

வண்டிக்கு ஒரே ஒரு சீக்கு இருந்தது. வெயில் ஏறினால் என்ஜினோடு ஒட்டியிருந்த பழைய பெட்ரோல் பம்ப் கொதித்துப்போகும். குழாயில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றி அரைமணி நேரம் காத்திருப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பாலக்கோடு தக்காளி மண்டிக்கு முன்னால் நடுரோட்டில் வண்டி நின்றது. பின்னால் பத்துப் பதினைந்து டிராக்டர்கள். பெரியப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினார். மண்டி மொத்தமும் வேடிக்கை பார்த்தது. அவருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

"அரூர்ல ஒருத்தரு கேக்கறாரு. குடுத்துட்டு நிம்மதியா வூட்ல இரு" என்றார் அன்று இரவுச் சாப்பாட்டின்போது.

"விக்க மாட்டேனுங்கண்ணா. சரி பண்ணிருவேன்."

"ஆயுத பூஜை வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்பறம் எதுனா ஒரு கோளாறுன்னா வண்டி இந்த வாசல்ல நிக்கக் கூடாது, ஆமா."

என் அப்பா ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். முக்கியமான பேச்சு வரும்போதெல்லாம் அவர் ரசம்தான் குடிப்பார்.

அத்தை மின்சாரப் பம்ப் மாட்டுவதென்று முடிவு செய்தாள். ஓசூரில் பத்து வருடம் உதிரிபாகக் கடை கவுண்டரில் நின்றவள் அவள். எந்தச் சாமான் எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெக்கானிக் அண்ணன் புதுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பம்பைக் கொண்டுவந்தார். அதன் வேகத்தை இந்தக் கார்புரேட்டர் தாங்காது என்று அத்தை திருப்பி அனுப்பிவிட்டாள். மெதுவாகத் தள்ளும் பம்பை அவளே தேடி வாங்கி வந்தாள். அதை என்ஜின் பக்கமே வைக்கவிடவில்லை. பின்னால் டேங்குக்கு அருகில், சைலன்சர் சூடு படாத இடத்தில் மாட்டச் சொன்னாள். பழைய பம்ப் இருந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடினார்கள். தனி ஃபியூஸ் போட்டார்கள். அதுவரை மெக்கானிக் பொறுமையாகத்தான் இருந்தார். அத்தை இன்னொரு சுவிட்ச்சை எடுத்து நீட்டியதும் தலையைச் சொறிந்தார்.

"எதுக்குங்கக்கா இத்தன வேல? சாவியப் போட்டா ஓடற மாதிரி ஒயரக் குடுத்துட்டா முடிஞ்சுது."

"எங்கியாச்சும் மோதி நின்னுட்டா சாவி போட்டபடிதான இருக்கும்? என்ஜின் நின்னாலும் அது பாட்டுக்குப் பெட்ரோல ஊத்திக்கிட்டே கெடக்கும். நான் ஏத்திட்டுப் போறது மாசமா இருக்கற பொண்ணுங்கள. மாட்டு."

என்ஜின் ஓடி ஆயில் அழுத்தம் வந்தால்தான் அந்த சுவிட்ச் பம்புக்குக் கரண்ட் விடும். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். நாள் கணக்கில் நின்ற வண்டியைக் கிளப்ப மட்டும் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பட்டன் வைத்தாள். சாவி போட்டு அதை அழுத்தினால் என்ஜின் ஓடாமலே பம்ப் ஓடும். மூன்று எண்ணும்வரைதான் அழுத்த வேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள். கார்புரேட்டர் நிறைந்ததும் வழியை அடைக்கிற சின்ன ஊசி தேய்ந்திருந்தது. புதிதுக்குச் சொல்லியிருந்தாள், அது இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பட்டன் இருப்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

அதன் பிறகு வண்டி எந்த வெயிலிலும் நிற்கவில்லை. பெரியப்பாவுக்கு அதுவும் ஒரு குறையாகத்தான் இருந்தது.

பூஜையன்று டிராக்டர், மோட்டார் சைக்கிள், அரிவாள், மண்வெட்டி எல்லாம் வாசலில் வரிசை கட்டின. எங்கள் பக்கத்தில் வண்டிக்குப் பூஜை என்றால் உயிரோடு இருக்கிறது என்று சாமிக்குக் காட்டியாக வேண்டும். சாவி போட்டு, விளக்கெரிந்து, வைப்பர் ஆடி, ஹாரன் அடிக்க வேண்டும். பானெட்டைத் திறந்து என்ஜினுக்கே சந்தனம் வைத்து, அதற்கும் கற்பூரம் காட்டுவார்கள். ஹாரன் அடிக்க என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, அத்தை சந்தனக் கிண்ணத்தோடு பின் சக்கரத்துக்குப் போனாள்.

நான் சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஓடாததால் பம்ப் சத்தமே இல்லை. இருக்கவும் கூடாது.

பெரியப்பா காதில் கை வைத்துக் கேட்டார். "எங்க புள்ள உங்க அத்தையோட மோட்டாரு? மூச்சு பேச்சக் காணோம்? செத்துப்போச்சாட்டிருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள், என் அப்பாவும்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துப்போச்சா? இதோ பார் என்று பட்டனை அழுத்தினேன். பின்னால் டக் டக்கென்று பம்ப் ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மணியடித்தார்கள், டிராக்டர் ஹாரன் வேறு. அவர் காதில் விழவேண்டுமே என்று நான் விரலை எடுக்கவே இல்லை. மூன்றும் எண்ணவில்லை, முப்பதும் எண்ணவில்லை. கார்புரேட்டர் வழிந்து பெட்ரோல் என்ஜின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகையில் அந்த வாசனையும் யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா தட்டோடு குனிந்தார்.

பம்புக்குப் பக்கத்திலேயே குனிந்திருந்த அத்தைக்கு மட்டும் சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் சந்தனக் கிண்ணம். ஓடிவந்தாள், உதைத்தாள். கற்பூரம் மண்ணில் உருண்டது. வீடியோ அதோடு முடிந்துவிடும். அடுத்த நொடி அவள் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே கையை நுழைத்துச் சாவியை அணைத்தாள். பட்டனில் இருந்த என் விரலைப் பிடித்து எடுத்து என் மடியில் வைத்தாள். இது வீடியோவில் இல்லை.

பெட்ரோல் தரையில் சொட்டுவதைப் பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். உயிர் பிழைத்தோம் என்று யாரும் சொல்லவில்லை. "நான் அப்பவே சொன்னனா இல்லியா? கண்டதயும் மாட்டி வூட்டயே கொளுத்தப் பாத்தா!" என்று பெரியப்பா கத்தினார். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பம்பு மேல தப்பில்லீங்கண்ணா. கை தப்பு" என்றாள் அத்தை. "என் கை. நான்தான் பட்டன ஒழுங்கா வுடாம வந்துட்டேன்."

அத்தை பெரியப்பாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு வண்டியை அரூருக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வண்டியோடு அவளும் போகலாம் என்று அன்றைக்கே முடிவானது. அப்பா அன்றைக்கும் ரசம்தான் குடித்தார். அத்தை எவர் காலிலும் விழவில்லை. நான்காம் நாள் மாரண்டஹள்ளியில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வருத்தமே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. நான் மாட்டிக்கொள்ளவில்லை. பெரியப்பா தோற்றார், வண்டி பிழைத்தது, அத்தை ஜெயித்தாள். 'புள்ள அமுக்கிட்டா' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்த வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. பொட்டப்புள்ளையை வண்டியில் உட்காரவைத்தால் இப்படித்தான் என்று சொல்லி அதற்குப் பிறகு என்னை எந்த வண்டிப் பக்கமும் விட்டிருக்க மாட்டார்கள் என்பதும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஓடினேன். அத்தை என்ஜினை அணைக்காமல் டிரைவர் சீட்டிலேயே இருந்தாள்.

"ஏன் அத்த வூட்டுக்கு வரல?"

"நம்ம சந்துல வண்டி திரும்பாது கண்ணு. ஏறு."

மூன்று வருடம் தினமும் அந்தச் சந்தில் திரும்பிய வண்டி அது. நான் நம்பி ஏறி உட்கார்ந்தேன்.