மாவிஸ் பிராடக் தள்ளி வைக்கும் கோப்பை

கோப்பையின் காதை இரண்டு விரலால் பிடித்து, மாவிஸ் பிராடக் அதை ஒரு விரற்கடை தூரம் தள்ளி வைக்கிறாள். கப்பலில் பரிமாறுகிறவன் குனிந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறான். "பிரமாதம் கண்ணு, ரொம்ப நன்றி" என்கிறாள். அவன் பூரித்துப் போகிறான். பாவம், இத்தாலிக்காரன். அவள் ஊரான இங்கிலாந்துச் சவுத்தாம்ப்டனில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தள்ளி வைத்த கோப்பையும் 'பிரமாத'மும் சேர்ந்து வந்தால் அந்தத் தேநீர் செத்துப்போய் வெகுநேரம் ஆகிறது.

முகத்துக்கு நேரே குறை சொல்வது அவள் ஊரில் பழக்கமில்லை. அதற்குத்தான் கைப்பையில் நீல அட்டை நோட்டு இருக்கிறது. 'வெந்நீர் கொதிக்கவில்லை. தேயிலைப் பை தட்டின் ஓரத்தில் காய்ந்து கிடந்தது. பால் சூடு' என்று பென்சிலால் எழுதுகிறாள். தேநீரில் சூடான பாலை ஊற்றுகிற ஆளிடம் அவள் தன் வீட்டுச் சாவியைக் கொடுக்க மாட்டாள்.

வயது எழுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, கண்ணுக்குக் கிடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே டிக்கெட்டை நீட்டுகிறவனைத்தான் இரண்டு தரம் பார்ப்பாளாம். இந்த இத்தாலியக் கப்பலிலோ எல்லாரும் சிரிக்கிறார்கள். ஏறும்போதே அவள் பெட்டியைத் திறந்து, மின்சாரக் கெட்டிலைச் சிரித்த முகத்தோடு எடுத்துக்கொண்டு, ஊர் திரும்பும்போது தருவதாக ஒரு ரசீதைக் கொடுத்தார்கள். தீப்பிடித்துவிடுமாம். எங்கள் நாட்டுக் கப்பலில் அறைக்கு அறை கெட்டில் இருக்குமே என்று அவள் கேட்கவில்லை. "ரொம்பச் சரி" என்றாள். ரசீதை நோட்டில் ஒட்டினாள்.

உயிர்காக்கும் படகுகளின் இருக்கைகளை எண்ணினாள். மிதவைச் சட்டையின் தையலை இழுத்துப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். "மோந்து பாத்து என்ன கண்டுபுடிச்சீங்க இன்ஸ்பெக்டரம்மா?" என்று கேட்டார் கணவர் ரெஜ். அவருக்குச் சிரிப்பு. காரணம் தெரிந்தவர் என்பதால் அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும்.

மாவிஸின் தங்கை எனிட்டுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். ஒருமுறை ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் மாவிஸ்தான். இத்தனை வருஷமும் எனிட் கரையில் நின்று அடுத்தவர்களுக்குக் கையசைத்ததோடு சரி. ஏப்ரலில் வரும் எழுபதாவது பிறந்தநாளைக் கடலில் கொண்டாட வேண்டும், அதுவும் நேப்பிள்ஸ் போகிற இந்தக் கப்பலில்தான் என்று இப்போது பிடிவாதம். அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டு வரத்தான் மாவிஸ் ஏறியிருக்கிறாள்.

ஏறியதும் ஒரு பொய் சொன்னாள். கடலை ஆகாதது தனக்குத்தான் என்று. மூன்று நாளில் மூன்று பேர் பரிமாறினார்கள். சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பிரச்சினையே இல்ல சிஞ்ஞோரா" என்று மூன்று பேரும் இத்தாலிய 'அம்மா' போட்டுச் சொன்னார்கள். நோட்டில் மூன்று கோடு விழுந்தது. "பிரச்சினையே இல்லன்னு சொல்லிக்கிட்டே அவளப் பொதைச்சிருவானுங்க" என்றாள் ரெஜ்ஜிடம். மறுநாள் லிஸ்பன் வந்ததும் எனிட்டுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு.

அன்றைய மாலைத் தேநீருக்குப் புதிதாகச் சிரோ என்று ஒருவன் வந்தான். நாற்பது வயது இருக்கும், அவ்வளவாகச் சிரிக்காத முகம். மாவிஸ் சாக்லேட் கேக்கைக் காட்டி, இதில் கடலை உண்டா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியல மேடம். கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் தொடாதீங்க" என்றான். ரெஜ்ஜின் கேக் துண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பத்து நிமிஷம் ஆளைக் காணோம். "எனக்கு என்ன வியாதி? என்னோடத ஏன் எடுத்துட்டுப் போனான்?" என்று ரெஜ் புலம்பினார். "பேராசை" என்றாள் மாவிஸ், சமையலறைக் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிரோ வெறுங்கையோடு வந்தான். பின்னாலேயே ஏப்ரனில் மாவு ஒட்டிய ஒரு சமையல்காரி, உம்மென்று.

"கேக்ல கடலை இல்ல மேடம். ஆனா கடலை பதிச்ச இனிப்ப வெட்டுன கத்தியாலதான் இதையும் வெட்டியிருக்கோம். மூணு நாளா உங்ககிட்ட யாராச்சும் பிரச்சினை இல்லன்னு சொல்லியிருந்தா, அது தப்பு. எங்க தப்பு."

சமையல்காரி இத்தாலிய மொழியில் ஏதோ பொரிந்தாள். மாவிஸின் புருவம் ஏறியது. "உங்களத் திட்டல, எங்களத்தான் திட்டுறாங்க" என்றான் சிரோ. "மூணு நாளா ஒருத்தன்கூட வந்து கேக்கலையாம்."

மாவிஸ் நோட்டைத் திறந்தாள், மூடினாள். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் பொய்யைப் பிடித்தவளுக்குத் தன் பொய்யை எப்படி எடுத்து நீட்டுவது என்று தெரியவில்லை. "ஆகாதது எனக்கில்ல. என் தங்கச்சிக்கு" என்றாள். ஏப்ரலில் அவள் வரலாமா என்று கேட்டாள்.

சிரோ சமையல்காரியிடம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னான். "வர்றதுக்கு முன்னாடி எழுதிப் போடச் சொல்லுங்க. தனிக் கத்தி, தனிப் பலகை வெச்சு இவங்களே செஞ்சு தருவாங்க. எதாச்சும் ஒண்ணு முடியாதுன்னா, முடியாதுன்னு சொல்லிருவோம்."

சமையல்காரி போய்விட்டாள். சிரோ மேஜையைப் பார்த்தான். அன்றும் அவள் தள்ளி வைத்த கோப்பையில் பாலாடை படிந்திருந்தது. கப்பல்காரன் பழக்கம், அவனும் கேட்டான்:

"மத்ததெல்லாம் நல்லா இருக்கா மேடம்?"

பிரமாதம் வரப்போகிறது என்று ரெஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாவிஸின் இரண்டு விரல் கோப்பையின் காதைத் தேடிப் போயிற்று. தள்ளவில்லை. தூக்கி, அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"சகிக்கல கண்ணு. கொதிக்கக் கொதிக்க வெந்நி கொண்டா. பாலு பச்சையா."