தனபாக்கியம் அண்ணியாரின் கை அளவு

செய்தி வந்தபோது ஆயர் தாவார் ஊரில் ஒரு எண்ணெய் ஆலை அலுவலகத்தில் லாரிச் சீட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். ஈப்போவிலிருந்து அண்ணன் மாணிக்கம் தொலைபேசியில் பேசினார். "தம்பி, உங்க அண்ணி போயிட்டாடா. வேலை இடத்துல மயங்கி விழுந்தாளாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு." "சரிண்ணே, வாரேன்" என்றேன். மீதிச் சீட்டுகளுக்கும் முத்திரை குத்தினேன். ஆறிப்போன கோப்பியைக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் விடுப்புக் கேட்கப் போனேன். இதை எழுதும் இந்த நேரம்வரை எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

குனோங் ராபாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "பாக்கியத்தோட பொறுமை யாருக்கு வரும்?" கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாகிவிட்டது. தனபாக்கியம் அண்ணியார் பொறுமைசாலி அல்லர். அவரை அறியாதவர்களுக்காகவும், அறிந்தும் அப்படி நினைத்துக்கொண்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அண்ணியாரும் நாங்களும் சுங்காய்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டார். அண்ணன் நல்ல உயரம். அண்ணியார் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டார். சில வருடங்களில் இருவரும் ஈப்போவுக்குக் குடிவந்தார்கள். அண்ணியாருக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்தது. நானும் அப்போது அவர்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரியதாக வாங்குவதுதான் வழக்கம். தீபாவளிச் சட்டையானாலும் சரி, பள்ளிக்கூடத்துச் சப்பாத்தானாலும் சரி, பிள்ளை வளரும், அடுத்த பிள்ளைக்கும் ஆகும் என்று வாங்குவார்கள். அண்ணியார் வளரவே இல்லை. "எனக்குனு வாங்குனாலும் பெருசாத்தான் வாங்குவாங்க, தம்பி. சப்பாத்துக்குள்ள முன்னால காகிதத்தைத் திணிச்சிக்கிட்டு வாத்து மாதிரி நடப்பேன்" என்று எழுந்து நடந்தே காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

தொலைபேசி நிலைய விளையாட்டுச் சங்கத்தில் வில்வித்தை தொடங்கினார்கள். அண்ணியார் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். சங்கத்தின் பழைய வில்லிலேயே அவருக்குக் குறி நன்றாக விழுந்தது. அண்ணன் சும்மா இருப்பாரா? குடும்பத்தாரும் சேரலாம் என்றதும் அவரும் சேர்ந்துகொண்டார். அவர் ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டியவர். துரை பங்களாவுக்குப் பின்னால் நின்று, சக்கரம் வைத்த காம்பவுண்டு வில்லில் எய்வதைப் பார்த்திருக்கிறார். அந்த வில்லில் கழுகுப் படம் போட்டிருந்ததாம். அன்றிலிருந்து அண்ணனுக்குக் கழுகு மார்க்கை விட்டால் வேறு வில்லே உலகத்தில் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சொந்தமாக ஒரு வில் வாங்கலாம் என்று மூவரும் ஈப்போவில் ஒரு சீனர் கடைக்குப் போனோம். காம்பவுண்டு வில்லின் இரு முனையிலும் சிறு சக்கரங்கள் இருக்கும். நாணை இழுக்க இழுக்கக் கனக்கும். ஒரு இடம் வந்ததும் பாரம் சட்டென்று குறைந்துவிடும். அதற்கு மேல் இழுக்க வராது. அந்த இடத்தில் நின்றுதான் நிதானமாகக் குறி பார்க்க வேண்டும். ஆளின் கை நீளத்துக்கு அது பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல வில்லும் வீண். கடைக்காரர் அண்ணியாரைக் கைகளை விரித்து நிற்கச் சொல்லி டேப்பால் அளந்து, மான் படம் போட்ட சிறிய வில் ஒன்றைக் கொடுத்தார். அண்ணியார் இழுத்தார். கை ஆடாமல் நின்றது.

"என் கைக்குனே செஞ்ச மாதிரி இருக்குங்க" என்றார் அண்ணனிடம்.

"மான் மார்க்கா? அதை யாருக்குத் தெரியும்? துரை வச்சிருந்தது கழுகுலா. கொஞ்சம் பெருசா இருந்தா என்ன, பழகிக்கலாம். ரெண்டு பேருக்கும் ஆகும்."

அண்ணியார் மான் மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரிங்க" என்றார். ஊர் பார்த்த பொறுமை இதுதான்.

கழுகு மார்க்கில் அண்ணன் வெளுத்துக்கட்டினார். அண்ணியாரால் பாரம் குறையும் இடத்துக்கு இழுக்கவே முடியவில்லை. முழுக் கனத்தையும் தாங்கிக்கொண்டே குறி பார்ப்பார், கை வெடவெடக்கும். வீட்டில் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, "பழகிரும்னு உங்க அண்ணன் சொல்றாரு. பழகப் பழகக் கை நீளமாயிருமா, தம்பி?" என்று கேட்டார்.

பிறகு அரசாங்க இலாகாக்களுக்கு இடையில் ஒரு போட்டி வந்தது. அண்ணியார் கோட்டில் நின்று இழுத்தார், முடியாமல் இறக்கினார். மறுபடி இழுத்தார், மறுபடி இறக்கினார். அம்பைக் கழற்றிவிட்டு, இத்தனை பேர் பார்க்க நேரே நடந்துவந்து வில்லை அண்ணன் கையில் கொடுத்தார்.

"இது உங்க வில்லுங்க. நீங்க நல்லா அடிங்க. எனக்குனு ஒரு அளவு இருக்கு."

சத்தம் போடவில்லை. சாப்பிட வாங்க என்று கூப்பிடும் குரல்தான். அண்ணனின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் அண்ணியார் என் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு அதே கடைக்குப் போய் மான் மார்க்கை வாங்கிவந்தார். "ஊருக்கு முன்னால என் மானத்தை வாங்கிட்டா. அந்த வில்லை நான் தொட்டா என்னான்னு கேளு" என்றார் அண்ணன். சொன்னபடியே தொடவில்லை. மற்றபடி இருவரும் எப்போதும்போல ஒன்றாகத்தான் பயிற்சிக்குப் போனார்கள். அண்ணியார் எய்த அம்புகளைப் பலகையிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து தருவார் அண்ணன். வில்லை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "அம்பைத் தொட்டா தீட்டு இல்ல, வில்லைத் தொட்டா மட்டும் தீட்டாலா?" என்று அண்ணியார் சீண்டுவார். அண்ணன் அடுத்த அம்பைப் பிடுங்கப் போய்விடுவார். இந்த வீம்பு அண்ணியார் போகும்வரை நீடித்தது.

சுண்ணாம்பு மலையடித் திடலில் அண்ணியார் அந்த வில்லை இழுத்து நிறுத்திக் குறி பார்க்கும்போது பார்க்க வேண்டும். அவசரமே இருக்காது. முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. அவ்வளவு நிம்மதியாக அவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கருமக்கிரியை முடிந்த மறுநாள் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் யாருக்காவது அந்த வில் உதவுமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "பார்த்துச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்த அண்ணன், அறைக்குள் போய் மான் மார்க்கை எடுத்து வந்தார். கூடத்தின் நடுவில் நின்று நாணை இழுத்தார். அவர் கை முகத்துக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. இன்னும் இழுக்கப் பார்த்தார்.

"இதுக்கு மேல வராதாடா?"

"வராதுண்ணே. அண்ணிக்கு இவ்வளவுதான்."

"இவ்ளோ சின்னவளாடா அவ?"

அண்ணன் நாணை விடவில்லை. முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, நாண் உதட்டில் படும்வரை முகத்தைக் கொண்டுபோனார். அண்ணியாரின் முகம் இத்தனை வருடம் இருந்த இடம் அது. கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நின்றார். நாணை மெல்ல இறக்கியபோது அவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

போய் வாருங்கள், அண்ணி. வில்லை யாருக்கும் கொடுக்க முடியாது என்று அண்ணன் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.