எட்டு என்று சொன்னேன்

வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்துவிட்டது. கம்பெனி வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்துப்போக மாமியார் வந்திருந்த நேரம் அது. மாசாமாசம் செக்கப்புக்கு அவளோடு போய்வந்தவள் நான் என்பதால் என்னையும் வரச் சொன்னார்கள்.

ஆபரேஷன் செய்துதான் பையனை எடுத்தார்கள். தாய்க்கு மயக்கம் தெளியவில்லை. அவள் புருஷன் ஸ்கேன் ஃபைலை எடுக்க வீட்டுக்குப் போயிருந்தான். எத்தனை மாசம் என்று நர்ஸ் கேட்டதற்கு மாமியார் ஏழு என்றார். எட்டு என்று எனக்குத் தெரியும். ஏழு மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது என்று அவர்கள் பக்கமும் சொல்வார்கள், எங்கள் பக்கமும் சொல்வார்கள். எட்டை வாயால் சொல்லவே அந்த அம்மாவுக்குப் பயம், வேறு கெட்ட எண்ணம் இல்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்பதால் நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பையனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நெஞ்சில் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டரம்மா அந்தத் தாளோடு வெளியே வந்தார். ஏழு மாசக் குழந்தைக்கு இதயத்தின் வலது பக்கத்து மின்சாரம் இவ்வளவு பலமாகக் காட்டாது, கோயமுத்தூருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். பிறந்து ஒரு பொழுது ஆகாத பிள்ளையை அந்த ரோட்டில் எப்படி அனுப்புவது?

ஆனால் டாக்டரம்மாவுக்கே மனசு ஒப்பவில்லை போல. ஏழு மாசத்துக்கு உள்ளங்காலில் ரேகை நிறைய ஓடுகிறதே, மாசம் சரிதானா என்று மறுபடியும் கேட்டார்.

"எட்டுங்க," என்றேன். "செக்கப்புக்கு நான்தானுங்க கூடப் போனது. ஏழு இல்லீங்க."

மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார். "ஆகாத மாசத்தைச் சொல்லுதீயளே. பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீங்க பொறுப்பு ஏத்துக்கிடுவீயளா?"

"ஏத்துக்கறனுங்க. இல்லாத ஏழுக்கு ஆருங்க பொறுப்பு?"

அப்படியும் எனக்குப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. தாளை இன்னொரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எட்டுன்னா நல்லதும்மா," என்றார்.

வயிற்றுக்குள் வாரம் கூடக்கூட வலது பக்கம் பலமாகிக்கொண்டே வருமாம். எட்டு மாசத்துக் குழந்தைக்குக் கோடு இப்படித்தான் விழும், கோயமுத்தூர் வேண்டாம், இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார். அதற்குள் ஃபைலும் வந்தது. அதிலும் எட்டுதான்.

அந்த அம்மா ராத்திரி என்னை விட்டுத் தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு வருத்தமில்லை. பையன் கோயமுத்தூர் வண்டியில் இல்லை, உள்ளே இருந்தான்.

மறுநாள் காலையில் இன்னொரு ஈசிஜி எடுக்கப் புது நர்ஸ் பெண் வந்தது. எத்தனை மாசம் என்று கேட்டது. நான் வாயைத் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்.

"ஒம்போதுன்னே போடுங்க தாயி."

கூடினால் இன்னும் நல்லது என்று நினைத்துவிட்டார். நான் யோசிக்கவே இல்லை. எட்டுதானுங்க, எட்டே போதுமுங்க என்றேன். அந்தப் பெண் எட்டு என்று எழுதி மெஷினைத் தட்டியது. சாயங்காலம் பையனைத் தாயிடம் கொடுத்தார்கள்.