இரண்டாம் எண் பொத்தான்

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நோர்வேயில், ஸ்டோவ்னர் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடம். கடைகள் எல்லாம் பூட்டு. ஞாயிறென்றால் அங்கே பின்பக்கம் சிவப்பு 'எல்' ஒட்டிய பழகுனர் கார்கள்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். அன்று அவற்றில் ஒன்று எங்களுடையது.

ஓட்டியது என் மனைவி சுகந்தி. பக்கத்தில், குரு ஸ்தானத்தில், நான். கையில் ஒரு கோப்பி.

"அந்த வெள்ளைக் கோட்டிலை நிப்பாட்டும்" என்றேன்.

கார் நின்றது. கோப்பி நிற்கவில்லை... நேரே என் மடிக்கு வந்துவிட்டது.

"பிரேக்கை மெல்லமா மிதியும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"மெல்லமாத்தான் மிதிச்சனான்."

"இதுக்குப் பேர் மெல்லமோ?"

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டு மறுபடி காரை எடுத்தாள். வீட்டு சோபாவில் இருந்து தினமும் தூக்கி வரும் தலையணை அது. அதைக் கண்டால் எனக்குப் பகிடி. "பட்டத்து ராணி வெளிக்கிட்டாச்சு" என்பேன்.

தலையணைக் கதையைச் சொல்லுமுன் அவளுக்கு ஏன் ஐம்பத்தொரு வயதில் இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன்.

சுகந்தி பதினாறு வருடமாக முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். விடிய ரி-பானா என்கிற நகர ரயில், பிறகு நாள் முழுக்க ஒரே நீள நடைபாதை, இரண்டு பக்கமும் கதவுகள். ஒருவரோடு ஐந்து நிமிடம் இருந்து கதைப்பதற்குள் அடுத்த அறையில் மணி அடித்துவிடும். அவளுக்கு வீட்டுப் பராமரிப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அங்கே காரில் வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு வாசல், ஒரு மனிதர், அவருடைய மருந்து, அவருடைய கதை. இந்த வருடம்தான் ஓர் இடம் காலியானது. பொறுப்பாளர் இவளையே கேட்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை... சாரதி அனுமதிப் பத்திரம். மாத முடிவு வரை காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

இத்தனை வருடம் ஏன் பழகவில்லை? ஏனென்றால் நான் ஓட்டினேன். அவளுக்குத் தேவையில்லை என்று முடிவு செய்ததும் நான்தான்.

இனி சீட்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் நாரி நோவு, அந்த இடுப்பு வலி, புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் இந்த மின்சாரக் காரை வாங்கியதற்குப் பாதிக் காரணம் அதன் சாரதி இருக்கைதான். கம்பியை இழுத்துத் தள்ளுகிற வேலை கிடையாது. பொத்தானைத் தொட்டால் முன்னே போகும், பின்னே போகும், உயரும், தாழும், சாயும். என் நாரிக்கு இதமான அந்த ஒரு கோணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. கண்டுபிடித்த அன்றே, விற்பனையாளர் காட்டித் தந்தபடி, கதவில் இருந்த 'எம்' பொத்தானை அழுத்தி, பிறகு 1 என்பதை அழுத்தினேன். 'பீப்' என்றது. இடம் பதிவாகிவிட்டது.

அன்று வீட்டில் ஓர் அறிவித்தலும் விட்டேன்.

"ஒருத்தரும் என்ரை சீட்டிலை கை வைக்கக் கூடாது."

யாரும் கை வைக்கவில்லை. எவ்வளவு நல்ல குடும்பம்!

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, சாரதிப் பயிற்சி ஆசிரியை பெரித் பாடம் முடித்து சுகந்தியை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். அறுபதை நெருங்கும் நோர்வேக்காரி. நான் மெல்லப் போய், "எப்படி? தேறுவாவா?" என்று கேட்டேன்.

"மிக அழகாக ஓட்டுகிறா. பிரேக் போடுவது தெரிவதேயில்லை" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு யாரோ மாணவியை நினைத்துச் சொல்கிறாரோ? எங்கள் காரில் கோப்பி கொட்டிய கதையைச் சொன்னேன். பெரித் கொஞ்சம் யோசித்தார். "உங்கள் காரில் ஒருமுறை ஏறி இருக்கச் சொல்லுங்கள். பார்ப்போம்."

சுகந்தி தலையணையோடு ஏறி அமர்ந்தாள். பெரித் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்து அவள் காலைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

பிரேக்கில் அவளுடைய பெருவிரல் மட்டும்தான் முட்டிக்கொண்டிருந்தது. குதிக்கால் அந்தரத்தில்.

என் மனைவி என் தோளுக்குக் கீழே நிற்பவள். நான் ஆறடி. என் நீளத்துக்குப் பின்னால் தள்ளி, என் நாரிக்காகச் சாய்த்து வைத்த சீட்டில், முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து, கால் விரல் நுனியால் அவள் இரண்டு மாதம் கார் பழகியிருக்கிறாள். கால் எட்டாதவர் எப்படி மெல்ல மிதிப்பது? எட்டி உதைக்கத்தான் முடியும். உதைத்தால் கோப்பி கொட்டத்தான் செய்யும்.

"ஏன் இப்படி இருக்கிறீர்கள்? என் காரில் முதல் வேலையாக சீட்டைத்தானே சரிசெய்வீர்கள்?" என்று பெரித் கேட்டார்.

சுகந்தி நோர்வேஜிய மொழியில் மிகச் சாதாரணமாகச் சொன்னாள்:

"இது அவருடைய சீட்."

நோர்வேக்காரர்கள் ஏசமாட்டார்கள். பேசாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். பெரித் என்னைப் பார்த்துப் பேசாமல் இருந்தார். அதற்கு அவர் ஏசியிருக்கலாம்.

பிறகு கதவில் இருந்த பொத்தான்களைக் கவனித்தார். 1, 2, 3. "இரண்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டு அதை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றை அழுத்தினார். அதுவும் அப்படியே. இரண்டு வருடமாக அவை வெறுமையாகக் கிடந்திருக்கின்றன... எனக்கு வெட்கமாக இருந்தது. சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. வெட்கம்தான்.

பெரித் போன பிறகு அவளைக் கேட்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாசம் பட்டபாடு எனக்குத் தெரியுந்தானே. நான் மாத்தினா, பிறகு நாரி நோகுது எண்டு நீங்கள்தான் கிடந்து முனகுவியள்."

"பொத்தானை அழுத்தினா அது என்ரை இடத்துக்குத் தானா வந்திடுமப்பா."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? கை வைக்க வேண்டாம் எண்டுதானே சொன்னனீங்கள்."

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அன்று பின்னேரம் அவளை இருத்தி வேலையைத் தொடங்கினோம். முன்னே... இன்னும் முன்னே. உயரம் கொஞ்சம். முதுகு நேராக. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் அவள் கண்ணுக்குச் சரியாக. அவள் பிரேக்கைப் பாதம் முழுவதும் பட மிதித்துப் பார்த்தாள். இன்னொரு தரம் மிதித்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. தலையணையை எடுத்துப் பின் இருக்கையில் எறிந்தாள். 'எம்' அழுத்தி, 2 அழுத்தினாள். 'பீப்.'

அவள் இறங்கியதும் நான் 1 என்பதை அழுத்தினேன். ஆளில்லாத சீட் ஒரு மெல்லிய முனகலோடு பின்னே போனது, தாழ்ந்தது, சாய்ந்தது. கண்ணாடிகள் தலையைத் திருப்பிக்கொண்டன. நான் ஏறி இருந்து பார்த்தேன். அதே இடம், அதே கோணம். என் நாரிக்கு இம்மியளவு வித்தியாசமும் தெரியவில்லை. இறங்கி 2 என்பதை அழுத்தினேன். முன்னே வந்தது, உயர்ந்தது, நிமிர்ந்தது. மறுபடி 1, மறுபடி 2. ஆறு தரம் செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுகூட யோசிக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு அதிசயத்தின் மேல் ஏறி இருந்திருக்கிறேன், அது தெரியாமல்.

இது எப்படி நடக்கிறது? எங்கள் கட்டடத்திலேயே கார்த்திக் என்று ஒரு இளம் என்ஜினியர் இருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர். நான் 'ஓம்' என்றால் அவருக்குச் சிரிப்பு, அவர் 'ஆமாங்க' என்றால் எனக்குச் சிரிப்பு. நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் அவர் தன் காருக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப சிம்பிள்ணா. சீட்டுக்கு அடியில சின்னச் சின்ன மோட்டாரா நாலஞ்சு இருக்கும். முன்ன பின்ன நகர ஒண்ணு, மேல கீழ ஒண்ணு, முதுகு சாய ஒண்ணு. ஒவ்வொண்ணும் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு ஒரு சென்சார் எண்ணிக்கிட்டே இருக்கும். நீங்க பட்டனை அழுத்தினப்போ அந்த எண்ணிக்கையை ஒரு குட்டி கம்ப்யூட்டர் எழுதி வச்சுக்குது. மறுபடி அழுத்தினா, அந்த எண்ணிக்கை வர்ற வரைக்கும் மோட்டாரைச் சுத்தும். வந்ததும் நிறுத்திடும்."

"அப்ப இருக்கிறது ஆரெண்டு அதுக்குத் தெரியாதோ?"

"தெரியாதுண்ணா. சில கார்ல எந்தச் சாவின்னு பார்த்து சீட் நகரும். உங்க கார்ல பட்டன் மட்டும்தான். மூஞ்சியைப் பார்க்காது, எடையைப் பார்க்காது. அதுக்குத் தெரிஞ்சது எத்தனை சுத்துங்கறது மட்டும்தான்."

"எண்ணிக்கை பிழைச்சா?"

"கடைசி முனை வரைக்கும் ஓட்டி, அங்கிருந்து மறுபடி எண்ண வைக்கணும். அவ்வளவுதான்."

அவருக்கு அவ்வளவுதான். எனக்கு அப்படியே மலைப்பாக இருந்தது. முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. சுற்றுகளை எண்ணத் தெரியும், அதுவும் ஒரு சுற்றுப் பிசகாமல். அந்தச் சின்னப் பெட்டி ஒரே ஒரு பின்னேரத்தில் என் மனைவியின் கால் நீளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை! தெரிந்திருந்தால் தலையணையைக் கண்ட முதல் நாளே கேட்டிருப்பேனே?

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீடுகளில் பல விஷயங்கள் இப்படித்தான். வெப்பமாக்கியின் சூடு, தொலைக்காட்சியின் சத்தம், சாப்பிடுகிற நேரம், விடுமுறைக்குப் போகிற இடம்... எல்லாவற்றையும் ஒருவருக்குப் பொருத்தி வைத்துவிட்டு வீடு நன்றாக ஓடுகிறது என்கிறோம். மற்றவர்கள் ஆளுக்கொரு தலையணையைக் கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். அவர்கள் நுனி விரலில் நிற்பது வெளியே தெரிவதில்லை. பிரேக் போடும்போதுதான் தெரிகிறது, அப்போதும் பழி அவர்கள் மேலேதான்.

மீதிப் பத்து நாளும் பயிற்சி தொடர்ந்தது. திராமன் நகரம் வரைகூட ஒருநாள் போய் வந்தோம். கோப்பி கொட்டவில்லை. நான் வாயும் திறக்கவில்லை. இரண்டில் எது பெரிய சாதனை என்று சுகந்தியைத்தான் கேட்க வேண்டும்.

பரீட்சை நாள். ஓட்ட வேண்டியது பயிற்சிப் பள்ளியின் காரை. அவளைப் பரீட்சை நிலையத்தில் இறக்கிவிட்டு நான் எங்கள் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சகர் பக்கத்தில் ஏறி, இருக்கைப் பட்டி போட்டு, தயாராகிவிட்டார். இவள் சீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முன்னே இழுத்தாள், பிரேக்கை மிதித்துப் பார்த்தாள், போதவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்தாள். முதுகை நிமிர்த்தினாள். கண்ணாடியைத் திருப்பினாள். அந்த மனிதர் காத்திருந்தார். 'கெதியா... அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று என் வாய் முணுமுணுத்தது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் நிச்சயம் அவசரப்படுத்தியிருப்பேன். அவள் அவசரப்படவில்லை. தன் இடம் வந்த பிறகுதான் காரை எடுத்தாள்.

ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார்கள். கார் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நின்றதே தெரியவில்லை.

கையில் தற்காலிக அனுமதிப் பத்திரத்தோடு வந்து என் கண்ணாடியில் தட்டினாள்.

"இறங்குங்கோ. நான் ஓடுறன்."

இறங்கினேன். கதவைப் பிடித்துக்கொண்டு 2 என்பதை அழுத்தினாள். வெறும் சீட் மெல்ல அவளை நோக்கி முன்னே வந்தது. ஒரு மோட்டாரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இந்தத் திங்கட்கிழமை புது வேலையில் சேர்ந்தாள். பின்னேரம் வந்ததும் வராததுமாக நான் கேட்ட முதல் கேள்வி, வேலைக்காரில் நினைவுப் பொத்தான் இருக்கிறதா என்பதுதான்.

"அது சின்னக் கார். ஒரு பொத்தானும் இல்லை. அடியிலை கம்பிதான். எனக்கு முதல் ஓடினவர் பனையளவு உயரம். சீட் பின் கண்ணாடிக்குக் கிட்டக் கிடந்தது."

"அப்ப என்ன செய்தனீர்?"

"என்ன செய்யிறது? ஏறின உடனை இழுத்து எனக்கு ஏத்த மாதிரி விட்டிட்டுத்தான் ஓடினனான்."

எனக்கு உடனே அந்த உயரமான மனிதர் மேல் கவலை வந்துவிட்டது. ஆண் புத்தி.

"வேலை முடிஞ்சு இறங்கேக்கை, அவருக்காகத் திருப்பிப் பின்னாலை தள்ளி விட்டனீரோ?"

சுகந்தி சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னாள்:

"அவருக்குக் கை இருக்குத்தானே."