முதல் வாய்

எழுபதுகள்ல சங்கரன்கோவில் பக்கம் காலரா பரவினப்போ, எங்க தெருக் கிணத்துல பிளீச்சிங் பவுடர் போட ஒரு சர்க்கார் ஆளு சைக்கிள்ல வருவாரு. பவுடர் படிஞ்சு சுருட்டை முடியெல்லாம் வெளுத்திருக்கும். அந்த வாடைக்குப் பயந்து நாங்க தண்ணி எடுக்க மாட்டோம். அதனால ஒரு மணி நேரம் காத்திருந்து, முதல் வாய் அவரே குடிச்சுக் காட்டுவாரு.

ஒரு ஞாயித்துக்கிழமையும் வந்தாரு.

“இன்னைக்கும் சம்பளம் உண்டுமா அண்ணாச்சி?”ன்னு என் வீட்டுக்காரி கேட்டா.

“ஞாயித்துக்கிழமைக்கு ஏது சம்பளம்? பேதி லீவு போடலையே தாயி.”

“உங்க ஊர்க் கிணத்துக்கு யாரு போடுதா?”

“ராயகிரிக்கு வேற ஆளு. அவன் போட்டிருப்பான்.”

பிறகு கொஞ்ச நாள் அவரு வரல. திரும்பி வந்தப்போ தலை மொட்டை.

“ராயகிரி ஆளு காய்ச்சல்ல படுத்துட்டான். கிணத்துக்கு யாரும் போடல. அம்மா பேதியில போயிட்டா”ன்னாரு.

அன்னைக்கும் பவுடரைப் போட்டுட்டுக் காத்திருந்தாரு. நேரம் ஆனதும் தண்ணியை இறைச்சு, கையில ஏந்தி வாய்க்கிட்ட கொண்டு போனாரு. குடிக்க முடியல. என் வீட்டுக்காரி வாளியை இழுத்து, அவரு முன்னால நின்னு குடிச்சா. பிறகு தெருவே குடிச்சுது.

அவரு சைக்கிளை உருட்டிக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போனாரு. அங்கன யாரு முதல்ல குடிச்சாகளோ, தெரியல.